இடது பத்து, வலது எட்டு

கலீல் இறந்த பதினோராம் நாள் காலை எட்டேகால் மணிக்கு, அவர் தெருவில் நடந்து போகும் சத்தத்தை அஜீஸுன்னிசா கேட்டாள். ஸ்ர்ர்ர்… டக். ஸ்ர்ர்ர்… டக். இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும், வலது கால் அழுத்தி ஊன்றும். கடைசிப் பத்து மாதம் அவர் அப்படித்தான் நடந்தார். கணவன் இறந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் அவள் இருந்தாள், வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்க வழியில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டு கலீல்கள் போனார்கள். மூன்றாவது வாரம், ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பேர். ஒரு கலீல் என்றால் துக்கம் என்று விட்டிருப்பாள். ஐந்து பேரை என்னவென்று சொல்வது?

அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா ஓதி ஊதிய தண்ணீரும் ஒரு தாவீஸும் கொண்டுவந்தாள். தண்ணீரைக் குடித்து, தாவீஸைக் கையில் கட்டிய பிறகு, தெருவில் போன கலீல்களின் எண்ணிக்கை ஏழானது. மகள் மெஹ்ஜபினிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. மெஹ்ஜபினும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பத் தொடங்கினாள். அவளுடைய ஆபீஸ் திறப்பது ஒன்பதரை மணிக்கு.

இத்தா முடிந்து அஜீஸுன்னிசா பனியன் கம்பெனிக்குத் திரும்பினாள். பத்தொன்பது வருடமாக அங்கே செக்கிங் மேசையில் நிற்கிறாள். பழைய பஸ் ஸ்டாண்டில் கலீல் அவளுக்குப் பின்னால் நடந்து வருவார். திரும்பிப் பார்த்தால் இருபது வயது ஒடிசா பையன் ஒருவன் இருப்பான். காதர்பேட்டையில் கலீல் அவளை முந்திப் போவார். பார்த்தால் மூக்குத்தி போட்ட ஒரு பெண். எல்லாரும் ஒரே நடை. தனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அவள் மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகு கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு மழைநாளில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்து, அவளுடைய வலது தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, மெல்ல நடந்து பழகினால் போதும் என்றார் டாக்டர். கம்பெனியோ டாக்டரை நம்பவில்லை. பின்னலாடைத் தொழிலாளர் நடை மீட்பு மையத்தில் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் மேசை என்றது. கலீல் போன பிறகு வீட்டில் அவள் சம்பளமும் மகள் சம்பளமும்தான். அதைவிட, அந்த மேசையில் நிற்கிற எட்டு மணி நேரம்தான் அவள் எதையும் யோசிக்காமல் இருக்கிற நேரம். அந்த மேசை அவளுக்கு வேண்டும்.

அந்த மையத்தின் பெயர் அவளுக்குப் புதிதில்லை. கலீலும் அங்கேதான் போனார்.

பல்லடம் சாலையில், ஒரு காலத்தில் துணிக் கிடங்காக இருந்த பெரிய கூடத்தில் மையம் இயங்கியது. வாக்கரை ஊன்றிக்கொண்டு மெஹ்ஜபினோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். கூடத்தின் கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் கலீல் நடந்துகொண்டிருந்தார்.

காவலாளி கதவைத் திறந்தார். உள்ளே நாற்பது பேர் நான்கு வரிசையாக, மஞ்சள் கோட்டின் மேல், ஒரே அடியாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், கல்யாணமாகாத பெண்கள். எல்லாருக்கும் இடது கால் இழுத்தது. எல்லாரும் வலது காலை அழுத்தி ஊன்றினார்கள். எல்லாரும் ஊன்றிய பிறகு, கலீலைப் போலவே, தலையைச் சற்றுக் குனிந்து இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, நான் வெளிய நிக்கறேன்" என்றாள் மெஹ்ஜபின். அவளுக்கும் இத்தனை நாளும் கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அஜீஸுன்னிசாவுக்குத் தெரிந்தது. தனக்குப் புத்தி கலங்கவில்லை என்பதும் தெரிந்தது. கலங்கியிருந்தாலே தேவலை என்று தோன்றியது.

கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அரக்கு முத்திரை, ஒரு அட்டை. அட்டையில் எழுதியிருந்தது: 'நடை. ஸ்டைல் எண் 1. அங்கீகரிக்கப்பட்ட சாம்பிள். தொடாதே.'

இந்த இடத்தில் திருப்பூரின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆர்டர் கொடுக்கும் பையர் முதலில் ஒரே ஒரு பனியனைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுப்பார். அதுதான் சீல் சாம்பிள். பிறகு தைக்கிற லட்சம் பனியனும் அதைப் போல இருக்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். வித்தியாசம் தெரிந்த இடத்தில் செக்கிங் பெண்கள் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு எதைக் காட்டுகிறதோ அது குறை. அம்பு ஒட்டிய பீஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மையத்தின் இயக்குநர் தமிழ்செல்வன் இருபத்திரண்டு வருடம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். காலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேண்ட்டின் நீளம்தான். மையத்தைத் தொடங்கச் சொன்னதும் அவர் தெரிந்த வேலையைச் செய்தார். ஒரு சாம்பிள் எடுத்தார்.

அந்தச் சாம்பிள் கலீல்.

கலீல் கட்டிங் மாஸ்டர். துணி ரோல் சரிந்து விழுந்து அவருடைய வலது கால் உடைந்திருந்தது. மையத்தின் முதல் நோயாளி அவர்தான். ஆறு வாரத்தில் நன்றாகவே நடந்தார். திறப்பு விழா அன்று மேடையில் அவரை நடக்கவிட்டு, சிறப்பு விருந்தினர் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பழைய செருப்போடு மேடை ஏறக்கூடாது என்று புதுச் செருப்பு வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். போனவன் அவசரத்தில் இடது காலுக்குப் பத்தாம் நம்பரும் வலது காலுக்கு எட்டாம் நம்பரும் அள்ளிக்கொண்டு வந்தான். கலீலின் கால் எட்டு. இடது காலைத் தூக்கினால் செருப்பு மேடையிலேயே நின்றுவிடும். அதனால் கட்டைவிரலால் வாரைக் கவ்விக்கொண்டு, தேய்த்துத் தேய்த்து, கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே பத்து மீட்டரைக் கடந்தார். கைதட்டினார்கள். வீடியோ எடுத்தார்கள். விருந்தினர் கையெழுத்துப் போட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பெட்டியில் வைத்துச் சீல் வைத்தார்கள். கலீல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து, விழுந்து விழுந்து சிரித்தபடி கதையைச் சொன்னார். அடிபட்டது வலது கால், இழுத்தது இடது கால், ஒருத்தன்கூடக் கவனிக்கவில்லை என்று மெஹ்ஜபினுக்கு நடந்தும் காட்டினார். "அத்தா, போதுங்கத்தா" என்று மகள் கெஞ்சக் கெஞ்ச, வீடே சிரித்தது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். சொந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து காட்டினார். ரிஜெக்ட். காரணம்: 'சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை.'

"நாந்தானுங்களே சாம்பிள்" என்றார் கலீல்.

"நீங்க இல்லீங்க பாய். சாம்பிள் பெட்டிக்குள்ள இருக்குது" என்றார்கள்.

கம்பெனியில் அவரை உள்ளே விடவில்லை. எனவே அவர் தன்னைப் போல நடக்கக் கற்றுக்கொள்ள மறுபடியும் மையத்தில் சேர்ந்தார். மற்றவர்களுக்கும் அங்கே அதே நடைதான் என்பதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மையம் கொடுத்த பத்தாம் நம்பர் இடது செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே இழுத்து நடப்பார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக நடப்பார். வெளியே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. ஏழாவது மாதம் ஒரு நாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், இழுத்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ளயுமா?" என்று அஜீஸுன்னிசா கேட்டாள்.

அவர் நின்று, வேறு யாரோ கொண்டுவந்து வைத்ததைப் பார்ப்பது போலத் தன் இடது பாதத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லி வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அப்படியே சான்றிதழ் கிடைத்து வேலைக்குத் திரும்பினார். பத்தாவது மாதம் கம்பெனியின் இரண்டாம் மாடிப் படியில் இடது கால் தடுக்கி விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அஜீஸுன்னிசா நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தச் செருப்பு தப்புங்க. ஒண்ணு பத்து, ஒண்ணு எட்டு. என்ற ஊட்டுக்காரர் செருப்பு கழண்டுடக் கூடாதுன்னு இழுத்தாருங்க. அது நடையே இல்லீங்க."

தமிழ்செல்வன் அவளை உட்காரச் சொன்னார், டீ சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும்.

"நீங்க கலீல் பாய் சம்சாரமுங்களா? நெம்ப சந்தோசம். பாய்க்கு இந்த மையம் நெம்பக் கடமைப்பட்டிருக்குதுங்க. இப்பப் பாருங்கம்மா, இங்க வர்றவங்க நாப்பது பேரு நாப்பது விதமா நடந்தா, எது நடை, எது நொண்டுறதுன்னு நாங்க எப்புடிங்க கண்டுபுடிக்கறது? நல்லா நடக்கறது முக்கியமில்லீங்க. ஒரே மாதிரி நடக்கறதுதான் முக்கியம். போன வருசம் எங்க ஒப்புமை தொண்ணூத்தாறு சதவீதம். டெல்லியில இருந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க."

"அந்த நடையாலதானுங்க அவர் படியில உளுந்தாரு."

"அதை விசாரிச்சோமுங்க. கமிட்டி போட்டு மூணு தடவை உக்காந்தோம். நடையில குறை இல்லைன்னு தெரிஞ்சுது. எங்க சாம்பிள் சமதளத்துக்கு மட்டுந்தானுங்க. படி எங்க ஸ்டைல்லயே வராது. குறை படி மேலதான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உசுரோட இருந்தப்ப பாய் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி நடந்தாரு. சாம்பிள் மாறிக்கிட்டே இருந்தா உற்பத்தி என்னங்க ஆகறது? இப்பப் பாருங்க, ஒரு இழை மாறாம இருக்குது. ஆண்டவன் எதையும் காரணமாத்தான் செய்யறான்."

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை.

"சாம்பிள்லயே குறை இருந்தா?" என்று கேட்டாள்.

தமிழ்செல்வன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஏனுங்கம்மா, நீங்க பத்தொம்பது வருசம் செக்கிங்கில இருக்கறீங்க. உங்களுக்கா நான் சொல்லோணும்? சாம்பிள்ல இருந்தா அது குறை இல்லீங்களே."

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆர்டரின் சீல் சாம்பிளில் கழுத்து லேபிள் ஒரு விரல் அளவு கோணலாக இருந்தது. நாற்பதாயிரம் பனியனிலும் கோணலாகவே தைத்தார்கள். ஆஷா என்று ஒரு புதுப் பெண், விவரம் தெரியாமல், இருநூறு பீஸில் லேபிளை நேராகத் தைத்துவிட்டாள். இருநூறிலும் சிவப்பு அம்பு ஒட்டியது அஜீஸுன்னிசாதான். "நேராத்தானுங்கக்கா இருக்குது" என்று அந்தப் பெண் அழுதுகொண்டே பிரித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்று அவளிடம் அஜீஸுன்னிசா சொன்னதையேதான் இன்று தமிழ்செல்வன் அவளிடம் சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை.

வெளியே வந்ததும் மெஹ்ஜபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த நடை நம்ம ஊட்டுக்கு மறுக்கா வரக்கூடாதும்மா. வேலை போனாப் போகுது."

"வராது கண்ணு. நான் கொண்டாற மாட்டேன்."

பயிற்சி தொடங்கியது. ஸ்டோரில் அவளுக்கும் செருப்பு கொடுத்தார்கள். இடது பத்து, வலது எட்டு. அவளுடைய கால் ஆறு. ஸ்டோரின் பின்புறம் இடது எட்டும் வலது பத்துமாக நூற்றுக்கணக்கான செருப்புகள் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. ஜோடி ஜோடியாகத்தானே வாங்க முடியும், மீதியை என்ன செய்வது? வலது காலை இழுக்கிற சாம்பிள் என்றைக்காவது ஒன்று வரும், அப்போது தேவைப்படும் என்று ஸ்டோர்காரர் சொன்னார். அந்தக் குவியலைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னும் சாகாத யாரோ ஒருவருக்காக அது காத்திருந்தது.

பயிற்சியாளர் மைதிலி படித்த பெண், இயன்முறை மருத்துவத்தில் பட்டம் வாங்கியவள். முதல் சில வாரங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அஜீஸுன்னிசாவின் வலது காலுக்கு உண்மையான பயிற்சிகளைக் கொடுத்தாள். தொடை பலப்பட்டது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, கைத்தடியும் போனது. "அக்கா, நீங்க இப்ப சரியா நடக்கறீங்க" என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தயங்கினாள். "இனிமே அதைக் கெடுக்கோணுமுங்க."

பக்கத்து வரிசையில் வெள்ளியங்கிரி நடந்தார். சாமளாபுரத்துத் தறிக்காரர், அறுபது வயது. பனியன் துணி ஏற்ற வந்த இடத்தில் அவருக்கு உடைந்தது இடது கை.

"கையா? அப்பறம் எதுக்குங்க நடக்க வெச்சிருக்காங்க?" என்று அஜீஸுன்னிசா கேட்டாள்.

"ஃபாரத்துல கைக்குக் கட்டம் இல்லியாமா, அம்மிணி. காலுன்னு போட்டு அனுப்பிச்சுட்டாங்க. வந்த அன்னிக்கு நான் நல்லா நடந்தேன். அதுதான் தப்பாப் போச்சு. நாப்பது சதவீதந்தான் தேறுதுன்னாங்க. அஞ்சு மாசமா நடக்கறேன். கை வளைஞ்ச வாக்குலயே ஒட்டிப் போச்சு." வளைந்த கையைத் தூக்கிக் காட்டினார். "கால் மட்டும் இப்ப எண்பத்தெட்டு."

அஜீஸுன்னிசா இழுக்க மாட்டேன் என்று நேராக நடந்தாள். முதல் பரிசோதனையில் ரிஜெக்ட். இரண்டாவதிலும் ரிஜெக்ட். மூன்றாவது தடவை, 'பிடிவாதம்' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் மேசையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அவள் மஞ்சள் கோட்டில் நின்றாள். இடது காலைத் தேய்த்தாள். வலது காலை ஊன்றினாள். தலையைக் குனிந்தாள்.

கூடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மைதிலி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் நடந்ததெல்லாம் வீடியோவைப் பார்த்து நடந்தது. வீடியோவில் இல்லாதது அஜீஸுன்னிசாவின் நடையில் இருந்தது. இழுப்பதற்கு முன்னால் கலீல் ஒரு கணம் மூச்சைப் பிடிப்பார். ஊன்றியதும் இடது தோளை லேசாகக் குலுக்கிச் சட்டையைச் சரிசெய்வார். பத்து மாதம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த நடை அது. எதைச் செய்யக்கூடாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாளோ, அது அவளுக்குச் சுலபமாக வந்தது. வெட்கக்கேடாக, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. பத்து மீட்டர் நடந்து முடிக்கும் வரை அவர் இருந்தார். நின்றதும் போய்விட்டார். எனவே அவள் திரும்பவும் நடந்தாள்.

"நூத்துக்கு நூறு!" என்றார் தமிழ்செல்வன். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த மையத்துல முதல் நூறுங்க இது!"

வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றினாள். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஒவ்வொரு அடியாக யோசித்து, நேராக உள்ளே போனாள். மெஹ்ஜபின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாதக் கடைசியில் இறுதிப் பரிசோதனை. அன்று மட்டும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, செருப்பை மேசை மேல் வைப்பார்கள். பரிசோதனை முடிந்ததும் 'சாம்பிள் சரிபார்க்கப்பட்டது, இருப்பது இருந்தபடி' என்று இயக்குநர் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை மூடுவார். அஜீஸுன்னிசா நடந்தாள். சான்றிதழ் கைக்கு வந்தது. வெள்ளியங்கிரிக்கும் வந்தது. வளைந்த கையால் அதை வாங்க முடியாமல், மற்றக் கையால் வாங்கினார்.

தமிழ்செல்வன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். அஜீஸுன்னிசா மேசையருகே நின்றாள். கட்டைவிரல் பதிந்து பதிந்து அந்த இடது செருப்பின் வார் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. திறப்பு விழா அன்று ஒரே ஒரு தடவை போட்டது, அதற்குள் எப்படி வெளுத்தது? எத்தனை இறுக்கமாகக் கவ்வியிருப்பார் என்று நினைத்தபடி அவள் பர்ஸைத் திறந்தாள். செக்கிங் பெண்களின் பர்ஸில் சில்லறை இல்லாவிட்டாலும் ஸ்டிக்கர் தாள் இருக்கும். சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, செருப்பில் 10 என்று அச்சிட்டிருந்த இடத்தைக் காட்டி ஒட்டினாள். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒட்டிய அம்பை மீறி ஒரு பீஸ்கூடக் கம்பெனியைத் தாண்டியதில்லை.

தமிழ்செல்வன் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நிமிர்ந்து, அம்பைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"நாந்தானுங்க ஒட்டினேன். குறைங்க. இந்த நடையை நிறுத்துங்க. இன்னும் எத்தனை பேருங்க படியில உளுகோணும்?"

மைதிலி ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், அக்கா சொல்றது சரிதானுங்க சார். மொத நாள்ல இருந்தே எனக்குத் தெரியும்" என்றாள்.

தமிழ்செல்வன் அம்பைப் பார்த்தார். குறிப்பேட்டைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகத்தில் ஏதோ ஓடியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவர் குறிப்பேட்டை மூடினார்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்களே" என்றார்.

மறுநாளே கமிட்டி கூடியது. சாம்பிளின் இடது செருப்பில் சிவப்பு அம்பு இருப்பது முறையாகச் சரிபார்க்கப்பட்டுக் கையெழுத்திடப்பட்டிருப்பதால், அம்பு சாம்பிளின் பகுதியே என்று முடிவானது. அம்பு இல்லாமல் நடப்பது இனிக் குறை. அடுத்த வாரத்திலிருந்து எல்லாருடைய இடது செருப்பிலும் அம்பு ஒட்டினார்கள். ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிப் போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு அம்பு தபாலில் போனது. மைதிலியை ஸ்டோருக்கு மாற்றி, குவிந்து கிடந்த செருப்புகளை எண்ணச் சொன்னார்கள்.

அஜீஸுன்னிசாவுக்கும் தபால் வந்தது. உறையைப் பிரித்து, சிவப்பு அம்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைச் செருப்பில் ஒட்டினாள். கம்பெனி வாசலில் பார்க்கிறார்கள்.

மேசை கிடைத்தது. வெளியே இழுத்து நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் நின்று, உள்ளே நேராக நடந்தாள். வெளியே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. அவள் கலீலைவிடக் கவனமானவள். செக்கிங்கில் இருப்பவள் அல்லவா? காலை எட்டேகாலுக்குத் தெருவில் இப்போது பதினொரு பேர் போகிறார்கள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு.

நான்கு மாதம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து, கையில் மளிகைப் பையோடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பால் கெட்டுப்போயிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே உள்ளே நடந்தாள்.

சமையலறையிலிருந்து மெஹ்ஜபினின் குரல் வந்தது. "அத்தா, காலைக் கழுவிட்டு வாங்கத்தா. இப்பத்தான் ஊட்டைத் துடைச்சேன்."

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அஜீஸுன்னிசா குனிந்து பார்த்தாள். கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. ஈரம் காயாத தரையில் வாசலிலிருந்து அவள் நின்ற இடம் வரை, வலது பக்கம் பாதங்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. இடது பக்கம் நீள நீளமாகக் கோடுகள்.

மெஹ்ஜபின் வந்து சமையலறைக் கதவில் நின்றாள். கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது. தரையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று அஜீஸுன்னிசா நினைத்தாள். கொண்டுவர மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா" என்றாள் மெஹ்ஜபின். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "இன்னொருக்கா நடங்கம்மா."

அஜீஸுன்னிசா பையைக் கீழே வைத்தாள். மகள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அம்மா வாசலுக்குப் போய், அங்கிருந்து உள்ளே நடந்து வந்தாள்.